தூங்கும் மிளகாய்ச் செடி

மிளகாய்ச் செடியின் ஆயுள் எவ்வளவு?

"ஆறு மாதம்" என்பார் ஒருவர். "மிஞ்சிப் போனால் ஒரு வருடம்" என்பார் இன்னொருவர். வயலில் பயிர் செய்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நாற்று நடுகிறார்கள். காய் பறிக்கிறார்கள். காய்ப்புக் குறைந்ததும் செடியைப் பிடுங்கி எறிகிறார்கள்.

பிடுங்காமல் விட்டால் என்ன ஆகும்? வெயில் உள்ள ஊரில் மிளகாய்ச் செடி பல வருடம் உயிரோடு இருக்கும். கன்னியாகுமரிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் காந்தாரி மிளகாய் வளர்ப்பவர்களைக் கேளுங்கள். அடித்தண்டு கட்டை போல் முற்றியிருக்கும். அந்தக் கட்டையிலிருந்து வருடா வருடம் புதுக் கிளை வரும். காயும் வரும்.

மிளகாய் நம் நாட்டில் பிறந்த செடி அல்ல. அதன் பிறந்த ஊர் அமெரிக்கக் கண்டம். போர்த்துகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். அதற்கு முன்பு நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான். மிளகு போல் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்துக்கொண்டோம். வெப்பமான இடத்துச் செடி என்பதால் அது வெயிலைத் தாங்கும். குளிரைத் தாங்காது.

அப்படியானால் மலை மேல் குளிரில் வாழ்பவர்கள் மிளகாய்ச் செடியை எப்படிக் காப்பாற்றுவார்கள்? சிக்கிம் மாநிலத்தில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்.

டல்லே

சிக்கிம் இமயமலையில் உள்ள சிறிய மாநிலம். 1975-இல் இந்தியாவுடன் சேர்ந்தது. அங்கே பெரும்பாலோர் நேபாளி பேசுகிறார்கள். நேபாளியில் மிளகாய்க்குக் 'குர்சானி' என்று பெயர். 'டல்லே' என்றால் உருண்டை. டல்லே குர்சானி என்றால் உருண்டை மிளகாய்.

பார்ப்பதற்கு நம் இராமநாதபுரம் குண்டு மிளகாய் போல் இருக்கும். ஆனால் காரத்தில் குண்டு மிளகாய் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஒரு டல்லேயை நான்காக நறுக்கினால் நான்கு பேர் தொட்டுக்கொள்ளப் போதும். பழுத்தால் செக்கச்செவேல் என்று இருக்கும். உப்பும் கடுகெண்ணெயும் சேர்த்து ஊறுகாய் போடுவார்கள். மோமோ என்ற கொழுக்கட்டைக்குத் தொட்டுக்கொள்வார்கள். 2020-இல் சிக்கிம் டல்லேக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சிக்கிமில் தீஸ்தா ஆறு ஓடுகிறது. அதன் கரையில் சிங்தாம் என்ற ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். அங்கே மார்கழியிலும் குளிர் மிதமாகத்தான் இருக்கும். டல்லே நன்றாக வளரும்.

அங்கிருந்து மலை ஏறினால் ராவங்லா என்ற ஊர் வரும். அதன் உயரம் சுமார் 2,100 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிங்தாமில் 15 டிகிரி இருந்தால் ராவங்லாவில் 5 டிகிரிதான் இருக்கும். இரவில் இன்னும் குறையும். மார்கழி, தை மாதங்களில் காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

நாம் பார்க்கப் போகும் வீடு ராவங்லா பக்கத்தில் உள்ளது. அந்த வீட்டு மருமகள் சிங்தாமில் பிறந்த பெண். கல்யாணமாகி மேலே வந்தவள்.

மேட்டில் நின்ற மூன்று செடிகள்

2023 அக்டோபர் 3-ஆம் தேதி இரவு. வடக்கு சிக்கிமில், மலை உச்சியில், தெற்கு லோனாக் என்ற பனி ஏரியின் கரை உடைந்தது. தண்ணீர் தீஸ்தாவில் பாய்ந்தது. வழியில் சுங்தாங் அணையும் உடைந்தது. சேறும் பாறையும் மரமும் கலந்த வெள்ளம் விடிவதற்குள் கரையோர ஊர்களைத் தாக்கியது. பலர் இறந்தார்கள். பலர் காணாமல் போனார்கள்.

மருமகளின் அம்மா வீடும் ஆற்றோரம்தான் இருந்தது. சத்தம் கேட்டு எல்லாரும் மேட்டுக்கு ஓடினார்கள். உயிர் பிழைத்தார்கள். வீட்டுக்குள் இடுப்பளவு சேறு நின்றது. தோட்டம் மணலுக்குள் போனது. அந்தத் தோட்டத்தில்தான் அம்மா இருபது வருடமாக டல்லே வளர்த்தார். ஒரு முறை கூட வெளியில் விதை வாங்கியதில்லை. நல்ல காயாகப் பார்த்து அவரே விதை எடுத்து வைப்பார். அவர் போடும் ஊறுகாய்க்கு அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். அதை விற்றுத்தான் வீட்டுச் செலவில் ஒரு பகுதியைச் சமாளித்தார். விதை இருந்த டப்பாவும் வெள்ளத்தோடு போய்விட்டது.

பாதை திறந்ததும் மருமகள் ஜீப் பிடித்து இறங்கிப் போனாள். அம்மா உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். இருவரும் தோட்டத்தைப் போய்ப் பார்த்தார்கள். கல் சுவருக்கு மேலே, மேட்டு ஓரத்தில், மூன்று டல்லேச் செடிகள் மட்டும் நின்றன. காய்களை யாரோ பறித்துவிட்டார்கள். விதைக்கு ஒரு காய் கூட இல்லை.

"மூன்றையும் நீ எடுத்துக்கொண்டு போ. இங்கே மண் அள்ளும் இயந்திரம் வரப்போகிறது" என்றார் அம்மா.

"எங்கள் ஊர்க் குளிரில் செத்துப் போகுமே, ஆமா!" என்றாள் மகள்.

நமக்கு 'ஆமா' என்றால் 'ஆம்'. நேபாளியில் 'ஆமா' என்றால் அம்மா. மாமியாரையும் அங்கே 'ஆமா' என்றுதான் அழைப்பார்கள்.

"இங்கே இருந்தால் நிச்சயம் சாகும். அங்கே ஒருவேளை பிழைக்கும்" என்றார் அம்மா.

மகள் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றிலும் மண்வெட்டியால் தோண்டினாள். வேரோடு மண்ணையும் சேர்த்துத் தூக்கினாள். ஈரச் சாக்கில் சுற்றினாள். ஜீப்பில் இடம் இல்லை. மூன்று மூட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினாள்.

மொட்டை அடித்தல்

சிக்கிமில் மலை வீடுகளின் திண்ணையைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். வரிசையாகப் பூச்செடிகள் இருக்கும். பழைய எண்ணெய் டின், பெயின்ட் டப்பா, உடைந்த வாளி எல்லாம் அங்கே பூந்தொட்டிதான். மாமியார் தன் டின்களில் மூன்றைக் கொடுத்தார். அடியில் ஆணியால் ஐந்தாறு ஓட்டை போட்டார். தோட்டத்து மண், மக்கிய எரு, ஆற்று மணல் மூன்றையும் சம அளவு கலந்து நிரப்பினார். செடிகளை நட்டார்கள்.

இரண்டு நாளில் இலைகள் துவண்டு தொங்கின. வேளாண்மைத் துறைப் பணியாளர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். அவரும் அந்த ஊர்ப் பெண்தான்.

"கிளையை எல்லாம் வெட்டிவிடுங்கள். தண்டு ஒரு சாண் நீளம் இருந்தால் போதும். இலை ஒன்று கூட வேண்டாம்" என்றார்.

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பச்சைச் செடியை மொட்டை அடிக்கச் சொல்கிறாயே, நானி!" என்றார். இளைய பெண்களைப் பெரியவர்கள் அங்கே 'நானி' என்று அன்பாக அழைப்பார்கள்.

"ஆமா, தோண்டியதில் பாதி வேர் அறுந்துவிட்டது. குளிர்காலத்தில் பகலும் சிறியது. வெயிலும் குறைவு. செடிக்கு வருமானம் இல்லை. இவ்வளவு இலைகளுக்கும் அது எப்படித் தண்ணீர் கொடுக்கும்? வருமானம் இல்லாத நேரத்தில் சாப்பிடும் வாய் குறைய வேண்டாமா?"

இது சரியான கணக்கு. இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வேர் அதை ஈடு செய்ய வேண்டும். குளிர்ந்த மண்ணில் வேர் சரியாக வேலை செய்யாது. அதனால் இலையைக் குறைக்க வேண்டும். அடித்தண்டு பழுப்பாக, கட்டையாக முற்றியிருந்தால் பயம் இல்லை. செடியின் சேமிப்பு அந்தத் தண்டிலும் வேரிலும் இருக்கிறது. தண்டு இன்னும் பச்சையாக, பென்சில் கனம் கூட இல்லாமல் இருந்தால் அந்தச் செடி குளிர்காலத்தைக் கடப்பது கஷ்டம்.

எங்கே வெட்டுவது? மிளகாய்த் தண்டு ஓர் இடத்தில் கவட்டை போல் இரண்டாகப் பிரியும். அந்தக் கவட்டைக்கு மேலே இரண்டு விரல் அளவு விட்டு வெட்ட வேண்டும். தண்டில் இலை இருந்த இடங்களில் சிறிய கணுக்கள் தெரியும். புதுத் துளிர் அங்கிருந்துதான் வரும். அதனால் கணு இல்லாமல் வெட்டிவிடக் கூடாது. கத்தி கூர்மையாக, சுத்தமாக இருக்க வேண்டும். மழுங்கிய அரிவாளால் வெட்டினால் தண்டு நசுங்கும். நசுங்கிய இடத்தில் அழுகல் வரும்.

மருமகள் வெட்டினாள். மாமியார் திரும்பி நின்றுகொண்டார்.

அடுத்த வேலை பூச்சி பார்ப்பது. பலர் இதைச் செய்வதில்லை. பிறகு வருந்துவார்கள். தோட்டத்தில் அசுவினி, வெள்ளை ஈ, செம்பேன் எல்லாம் இருக்கும். அவற்றைத் தின்னும் பொறிவண்டும் இருக்கும். வீட்டுக்குள் பொறிவண்டு வராது. மழையும் காற்றும் கிடையாது. ஒரு செடியில் நான்கு அசுவினி ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தால் போதும். ஒரு மாதத்தில் எல்லாச் செடிகளிலும் பரவிவிடும்.

சிக்கிம் 2016-இல் முழு இயற்கை வேளாண்மை மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ரசாயனப் பூச்சிமருந்துக்கு அங்கே தடை இருக்கிறது. அதனால் சோப்புத் தண்ணீர்தான் மருந்து. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு போதும். துணி துவைக்கும் பவுடர் கூடாது. அது செடியைச் சுட்டுவிடும். துணியை அதில் நனைத்து, தண்டையும் கணுக்களையும் துடைத்தார்கள். பிறகு நல்ல தண்ணீரால் கழுவினார்கள். மூன்று குச்சிகளும் வீட்டுக்குள் வந்தன.

எங்கே வைப்பது?

உறைபனி செடியை எப்படிக் கொல்கிறது? இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு அறைகள் உள்ளன. அவற்றில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் அந்த அறைகள் சிதைந்து போகும்.   காலையில் வெயில் பட்டதும் இலை வெந்த கீரை போல் கறுத்துத் தொங்கும்.

உறைபனி இல்லாவிட்டாலும், சுமார் 10 டிகிரிக்குக் கீழே மிளகாய்ச் செடி வளராது. நாள் கணக்கில் அப்படியே இருந்தால் நலிந்துவிடும். 10 முதல் 15 டிகிரி வரை இருக்கும் அறை நல்லது. அந்தக் குளிர்ச்சியில் செடி சாகாது, வளரவும் செய்யாது. தூங்கும்.

நம் நாட்டில் குளிர்காலத்தில் சூரியன் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். அதனால் தெற்கு ஜன்னல்தான் நல்ல இடம். மருமகள் அங்கே ஒரு பலகை போட்டு, டின்களை வைத்தாள். சிமெண்டுத் தரையில் வைத்தால் வேர் சில்லிட்டுப் போகும். கண்ணாடியில் தண்டு படும்படி வைத்தால் இரவில் கண்ணாடிக் குளிர் தாக்கும். அடுப்பு ஓரமும் வேண்டாம். அங்கே பகலில் சூடு, இரவில் குளிர். செடி விழிக்கவும் முடியாமல், தூங்கவும் முடியாமல் தவிக்கும்.

ஊருக்கு ஊர் குளிர் வேறு. தில்லியில் செடியை வீட்டுக்குள் கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை. வெயில் படும் சுவர் ஓரமாக நகர்த்தி, இரவில் சாக்கால் மூடினால் பெரும்பாலும் போதும். காஷ்மீரில் அது போதாது. அங்கே டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் கடுங்குளிர். அதற்குச் 'சில்லை கலான்' என்று தனிப் பெயரே உண்டு. லடாக்கில் வீட்டின் தெற்குப் பக்கத்தில் கண்ணாடி அறை கட்டி வெயிலைப் பிடித்து வைப்பார்கள். செடியை அங்கே வைக்கலாம். நம் உதகையிலும் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அங்கே ஜன்னல் ஓரம் போதும்.

டிசம்பர் முதல் வாரம் ராவங்லாவில் குளிர் ஏறியது. "பாவம், குச்சிகள் நடுங்குகின்றன" என்றார் மாமியார். ஒரு சட்டியில் கரி நெருப்பை அள்ளி, ஜன்னல் இருந்த அறைக்குள் கொண்டு வந்தார். குழந்தைகள் தூங்கும் அறையும் அதுதான். கதவைச் சாத்தப் போனார்.

மருமகள் ஓடி வந்து சட்டியை வெளியே எடுத்தாள். "வேண்டாம் ஆமா. செடி போனால் போகட்டும்" என்றாள்.

அவள் செய்தது சரி. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. புகை வந்தாலாவது இருமி எழுந்துவிடுவோம். இந்த வாயு தூக்கத்திலேயே ஆளை மயக்கிக் கொன்றுவிடும். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிக் குடும்பங்கள் இறந்த செய்தி வருகிறது. மூடிய அறைக்குள் கரி நெருப்பு வைத்துக்கொண்டு யாரும் தூங்கக் கூடாது. தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே எல்லாரும் வெளிக்காற்றுக்கு வர வேண்டும். மருத்துவரிடம் போக வேண்டும்.

செடிக்கு என்ன செய்தார்கள்? இரவில் டின்னைச் சுற்றிப் பழைய கம்பளித் துணியைக் கட்டினார்கள். அது போதுமாக இருந்தது.

மூன்று பேர் ஊற்றிய தண்ணீர்

டிசம்பர் நடுவில் ஒரு குச்சி கறுக்கத் தொடங்கியது. அடியிலிருந்து மேலே கறுப்பு ஏறியது. மருமகள் தொட்டுப் பார்த்தாள். தண்டு கொழகொழ என்று இருந்தது. டின்னைக் கவிழ்த்தாள். மண் சேறாக இருந்தது. கெட்ட வாடை அடித்தது. வேரெல்லாம் பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து வந்தது.

"குளிரில் செத்துவிட்டது" என்றார் மாமியார்.

"இல்லை ஆமா. இது அழுகிச் செத்திருக்கிறது. யார் தண்ணீர் ஊற்றியது?"

"நான் காலையில் கொஞ்சம் ஊற்றுவேன்" என்றார் மாமியார். மாமனார் சும்மா இருந்தார். பிறகு மெதுவாக, "மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வரும்போது இதற்கும் ஒரு குவளை ஊற்றினேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்" என்றார். மருமகளும் இரண்டு நாளுக்கு ஒரு முறை ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்று பேரும் அந்தச் செடி மேல் அன்பு வைத்தவர்கள்தான். அந்த அன்புதான் அதைக் கொன்றது. வீட்டுக்குள் வைக்கும் மிளகாய்ச் செடிகள் குளிரில் சாவதைவிடத் தண்ணீரில் சாவது அதிகம். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. குடிக்காத தண்ணீர் மண்ணில் தேங்கும். மண்ணில் காற்று இருக்காது. வேர் மூச்சு முட்டி அழுகும். தூங்குகிறவர் வாயில் சோற்றை ஊட்ட முடியுமா?

இன்னும் இரண்டு செடிகள் மிச்சம். மருமகள் அழவில்லை. ஆனால் அன்று சாப்பிடவும் இல்லை. "என் அம்மாவிடம் என்ன சொல்வேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று இரவு மாமியார் ஒரு காகிதத்தை எடுத்தார். அவர் சிறு வயதில் பள்ளிக்குப் போனதில்லை. ஊரில் நடந்த மாலை வகுப்பில்தான் எழுத்துக் கற்றார். அதுவரை கையெழுத்துப் போடவும், பேருந்துப் பலகை படிக்கவும்தான் அது பயன்பட்டது. இப்போது காகிதத்தில் மூன்று கட்டம் போட்டார். ஜன்னல் பக்கத்தில் ஒட்டினார். ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

"இனிமேல் யார் தண்ணீர் ஊற்றினாலும் இதில் எழுத வேண்டும். எழுதாமல் யாரும் ஊற்றக் கூடாது" என்றார். கடைசி வார்த்தையை மாமனாரைப் பார்த்துச் சொன்னார்.

அந்தக் காகிதம் இப்படி இருந்தது:

தேதி – யார் – எவ்வளவு
டிசம்பர் 24 – ஆமா – அரை டம்ளர்
ஜனவரி 11 – மருமகள் – அரை டம்ளர்
ஜனவரி 30 – மாமனார் – அரை டம்ளர்

ஏறக்குறைய 18 நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர். தேதி வந்துவிட்டது என்பதற்காகவும் ஊற்றவில்லை. முதலில் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் இருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுத்தார்கள். டின்னைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். காய்ந்த டின் லேசாக இருக்கும். ஊற்றும் தண்ணீரை முதல் நாள் இரவே அறைக்குள் எடுத்து வைத்தார்கள். குழாய்த் தண்ணீர் அந்தக் குளிரில் பனிக்கட்டி போல் இருக்கும். எரு எதுவும் போடவில்லை.

ஜனவரி 15 வந்தது. நமக்குப் பொங்கல். அவர்களுக்கு மாகே சங்கராந்தி. அன்று அங்கே கிழங்கு வேகவைத்து, நெய்யும் வெல்லமும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். உறவினர்கள் வந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் இரண்டு காய்ந்த குச்சிகளைப் பார்த்தார்கள். சுவரில் அதற்கு ஒரு கணக்கையும் பார்த்தார்கள். சிரித்தார்கள். மாமியார் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. இன்னொரு கிழங்கு வைத்தார்.

நகத்தால் சுரண்டிப் பார்

பிப்ரவரியில் மாமியாருக்கே நம்பிக்கை போய்விட்டது. ஒரு குச்சியின் நுனி சுருங்கிப் பழுப்பாகிவிட்டது. "இது விறகுதான்" என்றார்.

மருமகள் பணியாளரைத் தேடிப் போனாள். "தீதீ, உயிர் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டாள். தீதீ என்றால் அக்கா.

"நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார், பஹினி. தோலுக்குக் கீழே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டு. பச்சை தெரியும் இடம் வரை வெட்டிவிடு." பஹினி என்றால் தங்கை.

வீட்டுக்கு வந்து சுரண்டினாள். நுனியில் பழுப்பு. இரண்டு விரல் கீழே பழுப்பு. கவட்டைக்குக் கீழே பச்சை! நகக்கண் அளவுதான் இருந்தது. மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். காய்ந்த பகுதியை வெட்டினார்கள். இன்னொரு செடியில் நுனி வரை பச்சை இருந்தது.

மார்ச்சில் பகல் நீண்டது. அறையில் வெப்பம் ஏறியது. ஒரு காலையில் கணுவில் கடுகு போல் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. நான்கு நாளில் அது இரண்டு இலையானது. துளிர் வந்தால் செடி விழித்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் தண்ணீரைக் கூட்டினார்கள். முதலில் வாரம் ஒரு முறை, பிறகு மண் காயக் காய ஊற்றினார்கள். மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடி மக்கிய எரு போட்டார்கள். இளந்துளிருக்கு அசுவினி தேடி வரும். ஒரு செடியில் வந்தது. சோப்புத் தண்ணீரால் மூன்று நாளுக்கு ஒரு முறை துடைத்தார்கள். இரண்டு வாரத்தில் போய்விட்டது.

துளிர் கண்டதும் வெயிலில் தூக்கி வைத்துவிட மாமியாருக்கு ஆசை. அப்படிச் செய்தால் இலை வெளுத்துக் கருகிவிடும். நான்கு மாதம் நிழலில் இருந்த செடிக்கு மலை வெயில் தாங்காது. முதல் நாள் திண்ணை நிழலில் ஒரு மணி நேரம் வைத்தார்கள். மறுநாள் இரண்டு மணி நேரம். இப்படிக் கூட்டிக்கொண்டே போய், பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழக்கினார்கள். இரவில் உள்ளே எடுத்து வைத்தார்கள். உறைபனி இனி வராது என்று தெரிந்த பிறகுதான் இரவிலும் வெளியே விட்டார்கள்.

விதை போட்டு வளர்த்த செடிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விதைச் செடி அந்த நேரத்தில் நாற்றாக இருக்கும். இதற்கு வேரும் அடித்தண்டும் தயாராக இருக்கின்றன. அதனால் முன்னாலேயே பூக்கும். இன்னொரு லாபமும் உண்டு. பக்கத்தில் வேறு வகை மிளகாய் இருந்தால் தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டு வந்து சேர்த்துவிடும். அப்படி உண்டான விதையில் வகை மாறிப் போகலாம். தாய்ச் செடியே உயிரோடு இருந்தால் அதே காய், அதே காரம். ஆனால் பழைய செடி என்றைக்கும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. காய் பழுத்ததும் விதை எடுத்துக் காய வைத்து, இரண்டு வீடுகளில் வைப்பது நல்லது. டப்பா ஒரே வீட்டில் இருந்ததால்தான் வெள்ளம் அதைக் கொண்டு போக முடிந்தது.

மழை தொடங்கினால் மலைப் பாதையில் மண் சரியும். அதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியில், மருமகள் சிங்தாமுக்குக் கிளம்பினாள். இரண்டு செடிகளில் நன்றாக இருந்ததை எடுத்துக்கொண்டாள். அதில் எட்டுக் கிளைகள் இருந்தன. உச்சியில் ஒரு வெள்ளை மொட்டு இருந்தது.

ஜீப் ஒலி எழுப்பியது. மாமியார் உள்ளே ஓடினார். சுவரில் இருந்த காகிதத்தைப் பிய்த்து வந்து, மடித்து, டின்னுக்குள் செருகினார்.

"இது எதற்கு ஆமா? அங்கேதான் குளிர் இல்லையே?"

"உன் அம்மா பார்க்கட்டும். என் எழுத்து."

ஜீப் கிளம்பியது. டின் மருமகளின் மடியில் இருந்தது. வளைவு வந்தபோதெல்லாம் மொட்டு கதவில் படாமல் கையால் மறைத்துக்கொண்டாள்.

எழுதிப் பழகுங்கள்

மாமியார் ஒட்டிய காகிதத்தில் கடைசித் தேதி ஜனவரி 30. அதிலிருந்து 18 நாள் கழித்து மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது எந்தத் தேதி? கணக்கிட்டு எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் ஒரே வேலையை இரண்டு பேர் தெரியாமல் செய்து வீணானது உண்டா? தண்ணீர், மருந்து, மாட்டுத் தீவனம், கடைக் கணக்கு, எதுவாகவும் இருக்கலாம். அதற்கு ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு, சுவரில் ஒட்டுங்கள். பென்சிலைக் கட்டித் தொங்கவிட மறக்காதீர்கள்.